கேட்காமல் சேர்ந்த வேலை

வருகைப் பதிவேட்டில் நிரந்தர ஊழியர்களின் பெயர்கள் மையால் எழுதப்பட்டிருந்தன. அவற்றுக்குக் கீழே சிவப்பில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே பென்சிலில் மூன்று பெயர்கள், மூன்றாவது என்னுடையது. பதினான்கு மாதம் வீட்டில் இருந்துவிட்டு, தக்கலையிலிருந்து ஏழரை மணி பஸ் பிடித்து, நாகர்கோவிலில் ஓர் அலுவலகத்தில் டேட்டா என்ட்ரி வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். செருப்பு புதியது, அத்தான் வாங்கிக் கொடுத்தது.

சம்பளம் 14,000 ரூபாய் என்று மட்டும் தெரியும். அதை யார் தருவார்கள், எந்தத் தேதியில் தருவார்கள், வேலை எத்தனை மாதத்துக்கு, பி.எஃப். என்கிற வருங்கால வைப்பு நிதி உண்டா, விடுப்பு எடுத்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதெல்லாம் தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்டால் 'வரும்போதே கணக்குப் பேசுகிறான்' என்று வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று பயம். என் கூச்ச சுபாவம்தான் காரணம் என்று சில நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டில் மற்ற இரண்டு பென்சில் பெயர்களோடு பேசியபோதுதான் தெரிந்தது, அவர்களும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தற்காலிக வேலை என்கிற ஏற்பாடு சட்டத்தின் மேல் நிற்பதைவிட, சேருகிறவர் வாயைத் திறக்க மாட்டார் என்கிற நம்பிக்கையின் மேல்தான் அதிகம் நிற்கிறது. சும்மா இருந்த மாதங்களுக்கான வட்டியை நாம் முதல் வாரத்திலேயே அப்படிக் கட்டிவிடுகிறோம்.

நான் வேலைக்குப் போகிறேன் என்று சொன்னதும் பக்கத்து வீட்டுச் சித்தி கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நாளைக்கு, மக்களே?" என்பதுதான். என்னிடம் பதில் இல்லை. சித்தி இருபது வருடத்துக்கு மேலாக அண்டி ஆபீசுக்குப் போகிறவர். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும்: முந்திரிக்கொட்டை உடைத்துத் தோலுரிக்கும் ஆலையைத்தான் எங்கள் பக்கம் அண்டி ஆபீஸ் என்போம். கப்பலில் ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டை வந்தால் வேலை, சரக்கு தீர்ந்தால் கதவடைப்பு. சித்தி ஓர் ஆலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, உள்ளே காலெடுத்து வைக்கும் முன் கிலோவுக்கு என்ன கூலி, போனஸ் உண்டா, பி.எஃப். பிடிப்பார்களா என்று மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுவார். சித்தி படித்தது எட்டாம் வகுப்பு. நான் பட்டதாரி.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. கன்னியாகுமரியில் உழைப்பு எப்போதும் துண்டு துண்டாகத்தான் நடந்துவந்திருக்கிறது. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருவதால் அங்கே விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கடற்கரைக் கணக்கு. அங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்கு இரண்டு நாட்காட்டி, ஜூன் முதல் இரண்டு வாரம் இரு கரையிலும் விசைப்படகு ஓடாது. மலைப்பக்கம் ரப்பர் இலையுதிரும் மாதங்களில் பால்வெட்டு நிற்கும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே எங்களுக்கு உண்டு என்பதால் மழையிலும் நிற்கும். ஓணம் நெருங்கினால் தோவாளைப் பூச்சந்தையில் இரவெல்லாம் ஆள் வேண்டும். கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குப் போய்வருகிறவர்கள் முக்கடல் சங்கமத்தில் குவிவார்கள். தை முதல் வாரங்கள் வரை சீசன் கடைகளில் ஆள் வேண்டும். இவர்கள் யாரும் இடைப்பட்ட மாதங்களை வேலையின்மை என்று சொல்வதில்லை. கடல் அடைத்திருக்கிறது என்பார்கள், வெட்டு இல்லை என்பார்கள். அதே இரண்டு மாதம் சும்மா இருக்கும் பட்டதாரிக்குத்தான் அந்தப் பட்டம் கிடைக்கிறது.

பட்டதாரிகளுக்கோ குறைவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, மாநிலத்திலேயே முதலிடம். ஆனால் இத்தனை பேரையும் உள்வாங்கும் பெரிய ஆலையோ தொழிற்பேட்டையோ இங்கே இல்லை. படித்தவர்கள் வளைகுடாவுக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் போவதுதான் வழக்கம். அதனால்தான் கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது என்ன வேலை பார்க்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை, "இப்போது எங்கே?" என்றுதான் கேட்கிறார்கள். "இங்கேதான்" என்று சொன்னால் கேட்டவர் முகத்தைத் திருப்பிப் பாயசம் வருகிறதா என்று பார்ப்பார்.

இங்கேயே இருக்கிறவர்களின் நம்பிக்கை அரசு வேலை. நாகர்கோவில் கோணம் பகுதியில் இருக்கிற மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூன்றாண்டுக்கு ஒரு முறை புதுப்பித்து, பதிவு மூப்பைக் காப்பாற்றி வைத்திருப்பார்கள். பதிந்து ஐந்தாண்டு காத்திருந்தும் வேலை கிடைக்காதவர்களுக்கு மாநில அரசு உதவித்தொகை தருகிறது: பத்தாம் வகுப்பு தேறாதவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, மேல்நிலை முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அதிகபட்சம் மூன்று ஆண்டுதான். 600 ரூபாயை நம்பி யாரும் வேலையை மறுக்கப் போவதில்லை. எந்த வேலை வந்தாலும் எந்த நிபந்தனைக்கும் தலையாட்டிச் சேர்ந்துவிட வேண்டும் என்கிற நெருக்கடி இங்கேதான் தொடங்குகிறது. கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறவன் நியமனக் கடிதத்தைப் படித்துப் பார்ப்பான். மற்றவன் கையெழுத்துப் போடும் இடம் எது என்று கேட்பான்.

சரி, தற்காலிகம் என்றால் என்ன? அலுவலகத் தமிழில் இதற்கு ஒரு குடும்பமே இருக்கிறது, ஒவ்வொருவர் தலையெழுத்தும் வேறு. தினக்கூலி என்றால் வந்த நாளுக்குக் காசு, ஞாயிறு வயிற்றைக் கட்டிக்கொள்ள வேண்டும். தொகுப்பூதியம் என்றால் மாதம் ஒரு தொகை. ஊதிய விகிதமும் அகவிலைப்படியும் ஆண்டு உயர்வும் கிடையாது. மதிப்பூதியம் என்ற சொல்லைக் கண்டுபிடித்தவருக்குத் தமிழறிவைவிடத் தந்திரம் அதிகம்; சம்பளம் என்று சொன்னால் உரிமை வந்துவிடும், மதிப்பு என்று சொன்னால் நன்றிதான் சொல்ல வேண்டும். வெளிமுகமை என்பது கடைக்குட்டி, இப்போது வீட்டையே ஆள்வது அதுதான். நாற்காலி ஓர் இடத்தில், வேலை வாங்குகிறவர் அந்த இடத்தில், ஆனால் நம் முதலாளி எங்கோ ஓர் ஊரில் பதிவு செய்த ஒப்பந்த நிறுவனம். நான் இந்த வகை என்பது எனக்கே சேர்ந்த மூன்றாவது வாரத்தில்தான் தெரிந்தது.

பள்ளிக்கூடங்களைப் பார்த்தால் இது புரியும். 2012இல் தமிழக அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதி நேர ஆசிரியர்கள் எடுக்கப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய், மே மாதம் சம்பளம் இல்லை. பத்தாண்டு கடந்தும் அவர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் போராடிக்கொண்டுதான் இருந்தார்கள். 2022இல் காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக நிரப்ப 13,331 தற்காலிக ஆசிரியர் பணியிடங்களை அறிவித்தபோது இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலைப் பட்டதாரி ஆசிரியருக்கு 12,000 ரூபாய் என்றார்கள். கொத்தனாருக்குக் கையாளாகப் போகிறவர் மாதம் இருபது நாள் போனாலே இதைவிட அதிகம் வாங்குவார். ஆனாலும் விண்ணப்பித்தார்கள். வகுப்பறைக்குள் கால் வைத்துவிட்டால் நாளைக்கு நிரந்தரம் ஆகலாம் என்ற எண்ணம்.

அந்த எண்ணம் முற்றிலும் பொய்யென்று சொல்ல மாட்டேன். தற்காலிகமாக உள்ளே போய்ப் பிறகு வரன்முறைப்படுத்தப்பட்டு ஓய்வூதியம் வாங்குகிற மாமாக்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆனால் அரசுப் பணிக்கு அந்தக் கதவைப் பெருமளவு அடைத்துவிட்டது 2006 ஏப்ரல் 10இல் உச்ச நீதிமன்றம் உமாதேவி வழக்கில் தந்த தீர்ப்பு. முறையான தேர்வு இல்லாமல் தற்காலிகமாகச் சேர்ந்தவர், நீண்ட காலம் வேலை பார்த்தார் என்பதற்காக மட்டும் நிரந்தரம் கேட்க முடியாது என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் நீதிமன்ற உத்தரவின் துணையில்லாமல் பத்தாண்டுக்கு மேல் இருந்தவர்களுக்கு மட்டும் ஒரே ஒரு முறை விலக்கு. மாமாக்களின் காலம் வேறு.

தனியார் பக்கம் சட்டம் கொஞ்சம் கருணையானது. தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது: ஆலை, தோட்டம், மோட்டார் போக்குவரத்து, கடை போன்ற நிறுவனங்களில் 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும். இதைத் தொழிலாளிகளைவிட மேலாளர்கள் நன்றாகப் படித்திருக்கிறார்கள். பதினோரு மாதம் முடிந்ததும் சில நாள் 'பிரேக்' விட்டு மறுபடி புதிதாகச் சேர்ப்பது அதனால்தான். நோய், அனுமதித்த விடுப்பு போன்ற இடைவெளிகள் தொடர்ச்சியை முறிப்பதில்லை என்று சட்டம் சொன்னாலும், அத்தனை நாள் வேலை பார்த்தோம் என்று காட்ட நம் கையில் ஏதாவது இருக்க வேண்டும். பென்சிலில் எழுதிய பெயரை வைத்துக்கொண்டு எந்த நீதிமன்றத்தில் நிற்பது? வருகைப் பதிவேட்டின் பக்கத்தை மாதத்துக்கு ஒரு முறை செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்குப் பிறகு வந்தது.

பணக் கணக்குக்கு வருகிறேன். என்னை அதிகம் கடித்தது இதுதான். வேலைக்குப் போவதற்கும் முதல் வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. என் முதல் சம்பளம் ஐம்பத்திரண்டாவது நாள் வந்தது. மாதக் கடைசியில் வருகைக் கணக்கு ஒப்பந்த நிறுவனத்துக்குப் போய், அவர்கள் பில் போட்டு, அலுவலகம் அதைப் பார்த்துப் பணம் விடுவித்து, பிறகுதான் நமக்கு. அதுவரை பஸ் டிக்கெட், மதிய டீ, சட்டை, செருப்பு எல்லாம் கைக்காசு. போக வர ஒரு நாளைக்கு 60 ரூபாய் என்றாலும் 26 நாளுக்கு 1,560 ரூபாய். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால், என் பக்கத்து நாற்காலிக்காரப் பெண்ணுக்கு இந்தச் செலவு இல்லை. அந்த ஒரு காரணத்தால்தான் வீட்டில் விட்டார்கள் என்று அவரே சொன்னார். என் வீட்டில், வேலை கிடைத்ததற்காக அம்மா ஒரு வளையலைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்தார். வேலை இல்லாமல் இருந்தபோதுகூட அந்த வளையல் கையில் இருந்தது.

மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு. ஒப்பந்தக்காரர் கொடுக்காவிட்டால் வேலை வாங்கிய முதன்மை நிறுவனம் கொடுக்க வேண்டும் என்பது 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலிருந்தே இருந்துவரும் விதி. எனக்கு இரண்டும் அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

ஐம்பத்திரண்டாவது நாள் வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியில் 10,080 ரூபாய் என்று இருந்தது. 14,000 எங்கே, 10,080 எங்கே? அன்று இரவு ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். முழுத் தொகையும் அடிப்படைச் சம்பளம் என்று கொண்டால், பி.எஃப்.பில் என் பங்கு 12 விழுக்காடு, 1,680 ரூபாய். இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டில் என் பங்கு 0.75 விழுக்காடு, 105 ரூபாய். இரண்டையும் கழித்தால் 12,215 வந்திருக்க வேண்டும். மீதி 2,135 எங்கே போனது? நிறுவனம் தன் கையிலிருந்து போட வேண்டிய பி.எஃப். 1,680 ரூபாயும் இ.எஸ்.ஐ. 3.25 விழுக்காடு 455 ரூபாயும் சேர்ந்தால் சரியாக 2,135. அவர்கள் பங்கையும் என் தலையிலேயே கட்டியிருந்தார்கள். 14,000 என்பது என் சம்பளமாக இருந்ததே இல்லை, எனக்காக அவர்கள் செலவழிக்கும் மொத்தத் தொகை அது. இப்படி நிறுவனப் பங்கைத் தொழிலாளியின் கூலியில் பிடிப்பதை வருங்கால வைப்பு நிதி விதிகளும் இ.எஸ்.ஐ. விதிகளும் தடை செய்கின்றன. "சம்பளம் 14,000 என்றால் கையில் எவ்வளவு?" என்று முதல் நாள் கேட்டிருந்தால் ஒருவேளை அவர்களே உளறியிருப்பார்கள். சித்தியானால் கேட்டிருப்பார்.

பிடித்த பணம் உண்மையில் கட்டப்படுகிறதா என்பது அடுத்த கேள்வி. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் பி.எஃப்., பத்துப் பேரோ அதற்கு மேலோ என்றால் இ.எஸ்.ஐ. (சம்பளம் 21,000க்குள் இருந்தால்) என்பது பொதுவான கணக்கு. பி.எஃப். பாஸ்புக்கை இணையத்தில் நாமே திறந்து பார்க்கலாம். இ.எஸ்.ஐ.யில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே நமக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம் உண்டு. ஆனால் படுத்துவிட்டால் கூலிக்குப் பதில் தருகிற நோய்க்கால உதவிக்கு, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவருக்கு அது கைக்கு வர ஒன்பது மாதம் ஆகும். பதினோரு மாத வேலையில் ஒன்பது மாதம்!

ஏற்கெனவே வெளியூரில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய பி.எஃப். எண்ணைப் புதிய இடத்தில் கொடுத்தால் இரண்டு சேவையும் ஒன்றாகக் கூடும். நிறுவனப் பங்கில் 8.33 விழுக்காடு ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது; மொத்தம் பத்தாண்டு சேர்ந்தால் வயதான காலத்தில் மாத ஓய்வூதியம் உண்டு. அந்தப் பத்தாண்டு ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை, பதினோரு மாதமும் எட்டு மாதமுமாகத் துண்டுகளைச் சேர்த்தும் வரலாம். ஆனால் வேலை போனதும் எல்லோரும் செய்துவந்த காரியம், படிவம் 10சி கொடுத்து ஓய்வூதியப் பங்கையும் உருவிவிடுவது. கோயம்புத்தூரில் நான் பார்த்த நான்கு வருடத்தை அப்படித்தான் அழித்தேன், நாற்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான பணத்துக்கு. அதே படிவத்தில் பணம் கேட்காமல் திட்டச் சான்றிதழ் கேட்டு வாங்கியிருந்தால் அந்த நான்கு வருடமும் கணக்கில் நின்றிருக்கும். சும்மா இருந்த காலம், வேலை பார்த்த காலத்தையும் சேர்த்துத் தின்றுவிட்டது.

2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. குறிப்பிட்ட காலத்துக்கு என்று ஒப்பந்தம் போட்டு எடுக்கப்பட்டவர் ஓராண்டு முடித்தாலே பணிக்கொடை (கிராஜுவிட்டி) பெறலாம் என்றும் சொல்கின்றன, முன்பு ஐந்தாண்டு. நல்லதுதான். பதினோரு மாதத்தில் அனுப்பிவிடுகிறவருக்கு ஓராண்டு என்பது ஒரு மாத தூரம், அவ்வளவே.

தேர்வுக்குப் படிக்கிறவர்களின் குழப்பம் தனி. அரசுப் பணித் தேர்வான குரூப் 4க்குத் தயாராகிற பையன்களும் பெண்களும் கோணம் அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்துக்குப் போவார்கள், நூலகத்தில் உட்காருவார்கள். நடுவில் ஒரு தற்காலிக வேலை வந்தால் போவதா, படிப்பதா? காலை ஏழரைக்குப் போய் இரவு ஏழரைக்கு வந்து படித்துத் தேறியவர்களை எனக்குத் தெரியும், விரல் விட்டு எண்ணலாம். வேலை அவர்களைப் படிக்க விடாமல் செய்ததைவிட, வேலை இருக்கிறது என்ற நிம்மதி படிக்க விடாமல் செய்தது அதிகம். என்னைக் கேட்டால், தேர்வு மூன்று மாதத்துக்குள் என்றால் வேலைக்குப் போக வேண்டாம் என்பேன். தேதியே அறிவிக்கப்படாத தேர்வுக்காக வீட்டில் உட்கார வேண்டாம். பதிவைப் புதுப்பிக்கும் மாதத்தை மட்டும் அம்மாவின் மாதக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கலாம். வேலையில் மூழ்கி அதைத் தவறவிட்டு, சிறப்புச் சலுகை எப்போது அறிவிப்பார்கள் என்று காத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

பணிச்சான்று விஷயத்திலும் நான் தவறினேன். கடைசி நாளுக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும். அன்றோடு நம்மைத் தெரிந்த ஆட்களுக்கும் நாம் அந்நியராகிவிடுகிறோம். எனக்குத் தந்த கடிதத்தில் சேர்ந்த தேதி தவறாக இருந்தது, திருத்தி வாங்க மூன்று முறை அலைந்தேன். மூன்றாவது முறை போனபோது என் நாற்காலியில் ஒரு பையன் இருந்தான், இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதிருக்கும், கருங்கல் ஊர்ப் பக்கம். மேஜை மேல் பதிவேடு திறந்து கிடந்தது. என் பெயரை ரப்பரால் அழித்த தடத்தின் மேலேயே அவன் பெயரைப் பென்சிலில் எழுதியிருந்தார்கள்.

"எத்தனை மாதத்துக்கு என்று சொன்னார்களா, தம்பி?" என்று கேட்டேன்.

"தெரியாது அண்ணா," என்றான். பிறகு கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "கேட்கலாமா?" என்றான்.